தொடாமல் வளர்கிற காதல்: ரீஜென்சி நாவல்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

பழைய ஆங்கிலப் புத்தகக் கடைகளில் துழாவியவர்களுக்கு இந்த அட்டைப்படம் பழக்கமானதுதான். மார்புக்குக் கீழே நாடா கட்டிய நீண்ட வெள்ளை கவுனில் ஒரு பெண், கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வெள்ளைத் துணி கட்டிய ஓர் ஆண், பின்னால் ஒரு மாளிகையோ குதிரை வண்டியோ இருக்கும். ரீஜென்சி காதல் நாவல் என்று இந்த வகைக்குப் பெயர். இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துப் பிரபுக்களின் வீட்டுக் கல்யாணக் கதை. கடைசியில் இருவரும் சேர்வார்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரியும்.

முடிவு தெரிந்த கதையை இத்தனை பேர் ஏன் விழுந்து விழுந்து படிக்கிறார்கள்? ஆடை அலங்காரத்துக்காக, மாளிகைக்காக, பணக்கார மாப்பிள்ளைக்காக என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது போதுமான பதிலாகத் தோன்றவில்லை. பேச்சுக்காகத்தான் படிக்கிறோம் என்பேன். அந்தச் சமூகம் ஒரு பெண்ணும் ஆணும் நெருங்குவதற்கான எல்லா வழிகளையும் அடைத்துவிட்டு, பேச்சை மட்டும் திறந்து வைத்திருந்தது. அதனால் ஆசை, கோபம், சந்தேகம், பயம் எல்லாமே பேச்சுக்குள் வந்து சேர்ந்தன. நல்ல ரீஜென்சி நாவலில் வரும் நகைச்சுவை அங்கேதான் பிறக்கிறது. இதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்தின் சட்டதிட்டங்களைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்தக் காலம், யார் அந்த மனிதர்கள்

மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநிலை பாதிக்கப்பட்டு ஆள முடியாமல் போனபோது, 1811 பிப்ரவரியில் அவருடைய மகன் ரீஜென்ட், அதாவது மன்னருக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பை நடத்துபவர், ஆனார். 1820 ஜனவரியில் மன்னர் இறக்கும்வரை இந்த ஏற்பாடு நீடித்தது. மொத்தம் ஒன்பது வருஷம்கூட முழுதாக இல்லை. ஆனால் பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனுடன் நடந்த போரின் கடைசிக் கட்டம், 1815 ஜூன் 18 அன்று அவரை முறியடித்த வாட்டர்லூ சண்டை, வால்ஸ் நடனத்தின் வருகை, ஆண்களின் உடையையே மாற்றிவிட்ட போ பிரம்மல் எல்லாம் இந்தச் சின்ன இடைவெளிக்குள் அடக்கம். நாவலாசிரியர்கள் முன்னே பின்னே சில வருஷம் சேர்த்துக்கொள்வார்கள்.

பாத்திரங்கள் பெரும்பாலும் பட்டம் உள்ள குடும்பத்தினர். மேலிருந்து கீழே ட்யூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்று ஐந்து படி. பாரனெட் என்பவர் இந்த ஐந்துக்கும் வெளியே, அவர் பிரபுக்கள் சபையில் உட்கார முடியாது. இதெல்லாம் மனப்பாடம் ஆக வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் கதை புரிந்துவிடும்: பட்டமும் நிலமும் மூத்த மகனுக்கே. இரண்டாவது மகன் ராணுவத்துக்கோ, கடற்படைக்கோ, தேவாலய வேலைக்கோ, கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து மதராஸுக்கோ கல்கத்தாவுக்கோ போக வேண்டியதுதான். ஆண் வாரிசு இல்லாத வீட்டின் நிலம் பல நேரம் முன்பின் தெரியாத ஓர் ஒன்றுவிட்ட சகோதரனுக்குப் போய்விடும். அப்பா கண் மூடிய மறுநாள் தாயும் மகள்களும் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை.

பெண்ணின் நிலை இன்னும் இறுக்கமானது. கல்யாணம் ஆனதும் அவளுடைய பணமும் சம்பாத்தியமும் சட்டப்படி கணவனுடையவை. பெண் வீட்டார் முன்கூட்டியே பத்திரம் எழுதி ஏதாவது காப்பாற்றி வைத்தால்தான் உண்டு. மணமான பெண் தன் பெயரில் முழு உரிமையோடு சொத்து வைத்துக்கொள்ளும் சட்டம் 1882இல்தான் வந்தது. விவாகரத்து வேண்டுமானால் 1857 வரை நாடாளுமன்றத்தில் தனியாக ஒரு சட்டமே நிறைவேற்ற வேண்டும். அதாவது, அவள் வாழ்நாளில் அவள் கையில் இருக்கும் ஒரே பெரிய முடிவு, யாருக்குச் சம்மதம் சொல்வது என்பதுதான். அந்த முடிவை எடுக்க அவளுக்குக் கிடைக்கும் அவகாசம் சில நடனங்கள், சில மாலைநேர வண்டிச் சவாரிகள், கால் மணி நேர வீட்டு வருகைகள் சில.

வரன் தேடி அவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் அத்தை, அப்பாவின் உடன்பிறந்த அக்கா, ஃபிலடெல்ஃபியா ஆஸ்டின். பெற்றோர் இல்லை, பணமும் இல்லை. 1752இல் கப்பலேறி மாதக்கணக்கில் பயணம் செய்து மதராஸ் வந்து இறங்கினார். அடுத்த வருஷம் பிப்ரவரியில் கடலூரில், கம்பெனியின் மருத்துவராக இருந்த ஹான்காக் என்பவரை மணந்துகொண்டார். அது ரீஜென்சிக்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய கதை. என்றாலும் இந்த நாவல்களில் வரும் அம்மாக்களின் பதற்றத்தைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடலூர்க் கல்யாணம் ஞாபகம் வரும். சிரிப்புக்கு அடியில் இருக்கும் பயம் நிஜமானது.

விதிகள்தான் கதையை ஓட்டுகின்றன

நாடாளுமன்றம் கூடும் மாதங்களில் பிரபுக்கள் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்துவிடுவார்கள். அதற்கு சீசன் என்று பெயர். பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்களை முதல்முறையாக ஊருக்கு அறிமுகப்படுத்துவதும் அப்போதுதான். அறிமுகமாகிவிட்டால் விருந்து, நாடகம், ஹைட் பார்க்கில் மாலை ஐந்து மணி உலா என்று ஓய்வில்லாத ஓட்டம்.

இதன் உச்சம் ஆல்மாக்ஸ். செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் கிங் ஸ்ட்ரீட்டில் 1765இல் திறந்த நடன மண்டபம் இது. புதன்கிழமை நடனங்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டைக் கொடுப்பதும் மறுப்பதும் ஒரு சில சீமாட்டிகள் கொண்ட குழுவின் கையில். லேடி ஜெர்சி, லேடி காசில்ரே, ரஷ்யத் தூதரின் மனைவி லீவன் கோமாட்டி போன்றவர்கள் அதில் இருந்தார்கள். பணம் இருந்தால் மட்டும் சீட்டு கிடைத்துவிடாது. உள்ளே போனாலோ, மெல்லிய ரொட்டித் துண்டு, வெண்ணெய், எலுமிச்சைச் சாறு, தேநீர். மது கிடையாது. இரவு பதினொன்றுக்குக் கதவை மூடிவிட்டால் எவ்வளவு பெரிய ஆளானாலும் வெளியேதான். வாட்டர்லூவை வென்ற வெல்லிங்டன் பிரபுவையே ஒருமுறை வாசலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்வார்கள். போர்க்களத்தில் ஜெயித்தவரை ஒரு நடன மண்டபத்தின் விதி தடுத்து நிறுத்துகிறது. நாவலாசிரியருக்கு வேறென்ன வேண்டும்?

அப்புறம் நெருக்கத்தின் விதிகள். கல்யாணமாகாத பெண் ஓர் ஆணோடு தனி அறையில் இருக்கக் கூடாது. நிச்சயமாகாமல் கடிதம் எழுதிக்கொள்ளக் கூடாது. ஒரே ஆளோடு ஓர் இரவில் இரண்டு நடனத்துக்கு மேல் ஆடினால் ஊர் பேசும். இரண்டு பேரும் கையுறை போட்டிருப்பார்கள், அதனால் கை பட்டாலும் தோல் படாது. முதல் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே பெரிய உரிமை. நானூறு பக்க நாவலில் முந்நூற்று ஐம்பதாவது பக்கத்தில் அவன் அவள் பெயரைத் தவறிச் சொல்லிவிட்டால் நமக்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும். முத்தக் காட்சிக்கு இல்லாத வலிமை அந்த ஒரு பெயருக்கு வந்துவிடுகிறது. அத்தனை பக்கம் காக்க வைத்ததன் பலன் அது.

ஓர் உரையாடலை அருகில் பார்க்கலாம்

எந்த நாவலிலிருந்தும் எடுக்காமல் நானே ஒரு சின்னக் காட்சி எழுதிக் காட்டுகிறேன். வருஷம் 1816. அதற்கு முந்தைய வருஷம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக ஐரோப்பாவில் அந்த வருஷம் கோடையே சரியாக வரவில்லை, ஓயாத மழை. ஜோடிகள் எதிரெதிரே இரண்டு நீண்ட வரிசையாக நிற்கும் நடனம். தங்கள் முறை வரும்வரை கீழ்க்கோடியில் காத்திருப்பவர்கள் பேசிக்கொள்ளலாம். அவன் ஓர் ஏர்ல், பரம்பரை மாளிகை கடனில் இருக்கிறது. அவளுக்கு இருபதாயிரம் பவுண்டு சீர் வரும் என்பது லண்டனில் எல்லோருக்கும் தெரியும். நாலடி தள்ளி அவளுடைய சித்தி உட்கார்ந்திருக்கிறாள்.

“இந்த வருஷம் மழை அதிகம்,” என்றான் அவன்.

“ஆமாம். உங்கள் மாளிகையில் கூரை ஒழுகுகிறது என்று கேள்விப்பட்டேன்.”

“மேற்குப் பக்கம் மட்டும்தான்.”

“அதைச் சரிசெய்ய இருபதாயிரம் பவுண்டு ஆகுமாமே?”

அவர்கள் முறை வந்தது. கை கோத்து, சுற்றி, பிரிந்து, மறுபடி எதிரெதிரே வந்து நின்றார்கள்.

“பதினெட்டாயிரம்,” என்றான். “கொத்தனாரிடம் கேட்டுவிட்டேன்.”

“அப்படியானால் இரண்டாயிரம் மிச்சமாகும்.”

“உங்களோடு ஒருமுறை ஆடும்வரை நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். இப்போது மழையில் நனைந்தாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறது.”

“அது உங்கள் வேலைக்காரர்களுக்கும் சம்மதமா என்று கேட்டீர்களா?”

காதல் என்ற சொல்லே இதில் இல்லை. சித்தியின் காதில் விழுந்தது மழையும் கூரையும். ஆனால் நடந்தது என்ன? நீ என் பணத்துக்காகத்தானே வந்திருக்கிறாய் என்று அவள் நேருக்கு நேர் கேட்டுவிட்டாள். வெளிப்படையாகக் கேட்டிருந்தால் அது மரியாதைக் குறைவு, ஆட்டம் அங்கேயே நின்றிருக்கும். அவன் பொய் சொல்லித் தப்பிக்கலாம். அப்படிச் செய்யாமல் தொகையைத் திருத்துகிறான். நான் விசாரித்தேன், கணக்கும் போட்டேன் என்று ஒப்புக்கொள்வதற்கு அதுதான் அர்த்தம். ஒப்புக்கொண்ட பிறகுதான் அவன் சொல்லும் இனிய வார்த்தைக்கு மதிப்பு வருகிறது. அந்த இனிமையையும் அவள் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. நனையப்போவது யார் என்று திருப்பிக் கேட்கிறாள். இவளைக் கல்யாணம் செய்துகொண்டால் அந்த வீட்டை யார் சரியாக நடத்துவார்கள் என்பது நமக்கு ஒரே கேள்வியில் புரிந்துவிடுகிறது.

கல்யாணம் ஆனதும் சட்டத்தின் முன் அவளுக்கு உரிமை இல்லை. அவனுக்குப் பட்டம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, யாரைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருக்கிறது. பேச்சில் மட்டும் இருவரும் சமம், சில நேரம் அவள் ஒரு படி மேலே. அவளுடைய கூர்மைக்குப் பயந்து ஓடாமல் அதை ரசிக்கத் தெரிந்தவன்தான் இந்த வகை நாவலில் நாயகன் ஆகிறான். அவன் எவ்வளவு பணக்காரன், எவ்வளவு அழகன் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எத்தனையோ தலைமுறைப் பெண்களை இந்த நாவல்கள் பிடித்து வைத்திருப்பதற்கு இதுவே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். தன் புத்தியைப் பார்த்து ஒருவன் தன்னை விரும்ப வேண்டும் என்ற ஆசை எந்தக் காலத்துக்கும் உரியது.

ஆஸ்டினும் ஹேயரும்

இந்த வகைக்கு இரண்டு பெண்கள் மூலவேர். முதலாமவர் ஜேன் ஆஸ்டின் (1775–1817). அவர் வரலாற்று நாவல் எழுதவில்லை, தன் கண் முன்னே நடந்ததை எழுதினார். உயிரோடு இருந்தவரை புத்தகங்களில் அவர் பெயர் வரவில்லை. 1811இல் வந்த முதல் நாவலின் முகப்பில் ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்றுதான் இருந்தது. 1813இல் வெளிவந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் உரிமையைப் பதிப்பாளருக்கு 110 பவுண்டுக்கு விற்றுவிட்டார். அந்த நாவலின் நாயகன் டார்சியின் வருஷ வருமானம் 10,000 பவுண்டு. நாயகி எலிசபெத்தின் அப்பாவுக்கு 2,000, அதுவும் அவருக்குப் பிறகு தூரத்து உறவினர் ஒருவருக்குப் போய்விடும். ஆட்களை அறிமுகப்படுத்தும்போதே வருமானத்தையும் சொல்லிவிடும் அந்தத் துல்லியம் கிண்டலாகவும் இருக்கிறது, உண்மையாகவும் இருக்கிறது. எலிசபெத்தின் தோழி ஷார்லட் இருபத்தேழு வயதில், தனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒருவனுக்கு, வீடு கிடைக்கும் என்பதற்காக மட்டும் சம்மதம் சொல்கிறாள். காமெடிக்கு நடுவே ஆஸ்டின் வைத்த அந்த ஓர் இடம், மற்ற எல்லாச் சிரிப்புக்கும் எடை சேர்க்கிறது.

இரண்டாமவர் ஜார்ஜெட் ஹேயர் (1902–1974). ரீஜென்சியை ஒரு வரலாற்று உலகமாகக் கட்டியெழுப்பியவர் இவர். உடம்பு சரியில்லாமல் இருந்த தம்பிக்குச் சொன்ன கதையை வளர்த்து எழுதிய முதல் நாவல் 1921இல் வந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. ரீஜென்சி காலத்தில் நடக்கும் முதல் காதல் நாவலை 1935இல் எழுதினார். உடை, தொப்பி, கடைகள், விலைவாசி, வண்டி வகைகள், அந்தக் காலத்துக் கொச்சைச் சொற்கள் என்று குறிப்பேடு குறிப்பேடாகச் சேர்த்து வைத்தார். பேட்டி கொடுப்பதை அறவே தவிர்த்தார். வாட்டர்லூவை மையமாக வைத்து 1937இல் அவர் எழுதிய நாவல், ரிச்மண்ட் கோமாட்டி பிரஸ்ஸல்ஸில் கொடுத்த நடன விருந்து வழியாகப் போர்க்களத்துக்குப் போகிறது. அந்த விருந்து நிஜமாகவே 1815 ஜூன் 15 இரவு நடந்தது. நெப்போலியன் நெருங்கிவிட்டான் என்ற செய்தி வந்து, அதிகாரிகள் பலர் நடன உடையோடேயே படைக்குத் திரும்பினார்கள்.

ஹேயரின் நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 1953இல் வந்த ‘கொட்டிலியன்’ நல்ல உதாரணம். கஞ்சத்தனமான கிழவர் ஒருவர், தான் வளர்த்த பெண் கிட்டி தன் அக்காள் தங்கை பேரன்மாரில் ஒருவனைக் கட்டிக்கொண்டால் சொத்து முழுக்க அவளுக்கு என்று அறிவிக்கிறார். லண்டனைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் அவள் அந்தப் பேரன்மாரில் ஃப்ரெடியைப் பிடித்து, பொய்யாக நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று கெஞ்சுகிறாள். ஃப்ரெடிக்கு உடை நேர்த்தி தெரியும், யாரிடம் எப்படிப் பழகுவது என்று தெரியும். பெரிய புத்திசாலி என்று அவனை யாரும் சொல்வதில்லை, அவனுடைய அப்பா உட்பட. இன்னொரு பக்கம் அழகும் துணிச்சலும் கொண்ட ஜாக். வழக்கமான காதல் கதையில் யார் நாயகன் என்று உங்களுக்கே தெரியும். ஹேயர் அந்த எதிர்பார்ப்பையே எடுத்துக்கொண்டு விளையாடுகிறார். மீதியை நீங்களே படியுங்கள்.

மற்றபடி இந்த வகையின் கதைப்பின்னல்கள் எண்ணிக்கையில் குறைவுதான். பொய் நிச்சயம், வசதிக்காகச் செய்த கல்யாணம் மெல்லக் காதலாவது, காப்பாளரோடு மோதும் பெண், ஸ்காட்லாந்துக்கு ஓடிப்போவது. கடைசியாகச் சொன்னதற்குச் சட்டமே காரணம். 1753இன் திருமணச் சட்டப்படி இங்கிலாந்தில் இருபத்தோரு வயது ஆகாதவர்கள் உரிமம் வாங்கி மணக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லாது. எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் என்ற சிற்றூர் அதனால்தான் புகழ் பெற்றது.

கதைக்கு வெளியே இருந்தவர்கள்

இவ்வளவு ஆசையோடு சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த மாளிகைகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? குத்தகைக்காரர்களின் உழைப்பு, கரீபியத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பு, இந்தியாவிலிருந்து கம்பெனி அள்ளிய செல்வம். அடிமை வணிகத்தை 1807இல் பிரிட்டன் தடை செய்தது. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது. அதாவது ரீஜென்சியின் எல்லா நடன இரவுகளிலும் தோட்டங்களில் அடிமைகள் இருந்தார்கள். 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்து பலர் செத்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயம்பட்டார்கள். பெரும்பாலான ரீஜென்சி நாவல்களில் இந்தச் செய்தி ஜன்னலுக்கு வெளியேகூடக் கேட்காது.

ஹேயரிடமும் குறை உண்டு. 1950இல் வந்த ‘தி கிராண்ட் சோஃபி’யில் யூத வட்டிக்கடைக்காரனை அவர் வரைந்திருக்கும் விதம் அப்பட்டமான வெறுப்பு. நாவலின் மற்ற இடங்கள் எவ்வளவு ரசிக்கத்தக்கவையாக இருந்தாலும் அந்த அத்தியாயத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். இப்போது எழுதுபவர்கள் பலர் வியாபாரிகள், வேலைக்காரர்கள், கறுப்பின மக்கள், இந்தியாவிலிருந்து போனவர்கள் ஆகியோரைக் கதையின் நடுவுக்குக் கொண்டுவருகிறார்கள். 2020இல் வந்த ‘பிரிட்ஜர்டன்’ தொடர், வரலாற்றில் இல்லாத ஒரு கலப்பு இன அரசவையைக் கற்பனை செய்துகொண்டது. அதற்கு மூலமான ஜூலியா க்வின்னின் நாவல் வரிசை 2000இல் தொடங்கியது. தொடர் வழியாக இந்த உலகத்துக்கு வந்தவர்கள் ஏராளம், அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் புத்தகத்தில் கிடைக்கும் ஒன்று திரையில் கிடைக்காது. கதை சொல்லும் குரலே அங்கே ஒரு பாத்திரம். நாயகி தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும்போது அந்தக் குரல் அவளுடைய நியாயங்களை அவள் சொற்களிலேயே அப்படியே சொல்லும். நமக்கு மட்டும் உண்மை தெரியும்.

எதிலிருந்து தொடங்கலாம்

பழைய ஆங்கிலம் சிரமமில்லை என்றால் நேராக ஆஸ்டினிடம் போகலாம். கொஞ்சம் தயக்கம் இருந்தால் முதலில் ஹேயரின் ‘கொட்டிலியன்’ அல்லது ‘ஃப்ரெடெரிகா’ (1965). தம்பிகளையும் தங்கையையும் வளர்க்கும் ஓர் அக்காவும், எதிலும் சலிப்புற்ற ஒரு மார்க்வெஸும் ‘ஃப்ரெடெரிகா’வில் வருகிறார்கள். குடும்பக் கதை பிடித்தவர்களை அது உடனே இழுத்துக்கொள்ளும். சிரிப்பு குறைவாக, உண்மை அதிகமாக வேண்டும் என்பவர்களுக்கு ‘எ சிவில் கான்ட்ராக்ட்’ (1961). கடனில் மூழ்கிய ஒரு வைகவுண்ட், ஒரு பணக்கார வியாபாரியின் மகளை நிலத்தைக் காப்பாற்றுவதற்காகவே மணக்கிறான். அவள் அழகி கிடையாது, அவன் மனதில் வேறொருத்தி இருக்கிறாள். அதிலிருந்து ஒரு நல்ல தாம்பத்தியம் எப்படி உருவாகிறது என்பதை ஹேயர் அவசரமில்லாமல் காட்டியிருக்கிறார். எனக்கு அவர் எழுதியதில் மிகவும் பிடித்தது அதுதான், ஆனால் முதல் புத்தகமாகக் கொடுக்க மாட்டேன்.

ஹேயரைப் படிக்கும்போது ஒவ்வொரு கொச்சைச் சொல்லுக்கும் அகராதியைத் தேட வேண்டாம். நாலைந்து அத்தியாயத்தில் காது பழகிவிடும். வண்டிகளின் பெயர்களையும் துணி வகைகளையும் வேகமாகத் தாண்டிப் போகலாம். ஆனால் இருவர் பேச ஆரம்பித்தால் வேகத்தைக் குறையுங்கள். யார் எதைக் கேட்டார், யார் எதற்குப் பதில் சொல்லாமல் நழுவினார் என்று பாருங்கள். முடிந்தால் அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள், பாதி நகைச்சுவை காதில்தான் விழும்.